பயிற்றுநர் வாங்கில் யார்?

(ஒஸ்லோவில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிப் பெண்களின் விளையாட்டு பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பேசும்படி கேட்டார்கள். தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் உள்ளது போன்ற கல்லூரி விளையாட்டு நோர்வேயில் இல்லை. அங்கே பல்கலைக்கழகமே அணி வைத்திருக்கிறது. பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுப்பதும் கெட்டிக்கார வீராங்கனையின் படிப்புச் செலவை ஏற்பதும் அதுவே. இங்கே ஏழு வயதில் ஊர்க் கழகத்தில் சேர்கிற பிள்ளை, இருபத்தைந்து வயதிலும் ஏதோ ஒரு கழகத்துக்குத்தான் விளையாடுகிறாள். ஒஸ்லோ மாணவர்களுக்கென்று ஓஎஸ்ஐ என்ற விளையாட்டுக் கழகம் உண்டு. உடலுக்கும் நட்புக்கும் அது நல்ல இடம். ஆனால் தேசிய அணிக்குப் போகிற வழக்கமான பாதை அதுவல்ல. நோர்வேயின் பனிச்சறுக்கு வீரர் வீராங்கனைகள் பலர் புலமைப்பரிசில் பெற்று டென்வர், யூட்டா, கொலராடோ என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் விளையாட்டுக்கு நோர்வேயின் உயர்கல்வி கொடுத்தது ஒன்று உண்டு. அது ஆய்வு. சொங்ஸ்வான் ரயிலின் கடைசித் தரிப்பில் இறங்கி நடந்தால் நோர்வே விளையாட்டு அறிவியல் உயர்கல்லூரி வரும். 1968இல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சொங்ஸ்வான் ஏரியைச் சுற்றி நடக்கப் போகிற எங்களில் பலர் அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் போகிறோம். விளையாடும் பெண்களைப் பற்றி உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகள் பல அதன் உள்ளே பிறந்தவை.

அந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. பிள்ளையின் முழங்கால், அவளுடைய சாப்பாடு, அவளுடைய பாதுகாப்பு என எதை எடுத்தாலும் பயிற்றுநரிடம்தான் போய் முடிகிறது. பெண்களைக் களத்துக்குக் கொண்டுவந்த நோர்வே, நிர்வாக மேசைக்கும் கொண்டுவந்தது. பயிற்றுநர் வாங்கில் மட்டும் அவர்களைப் போதிய அளவு உட்காரவைக்கவில்லை. அந்த வாங்கை நிரப்பும் வேலையில் எங்கள் சமூகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972இல் அங்கே ‘டைட்டில் நைன்’ என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனம் எதுவும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். கல்லூரி மைதானங்கள் பெண்களுக்குத் திறந்தன. அந்த நேரத்தில் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். புருக்ளின் கல்லூரியைச் சேர்ந்த விவியன் அகோஸ்டாவும் லிண்டா கார்பென்டரும் 1977 முதல் 2014 வரை இந்தக் கணக்கைத் தொடர்ந்து எடுத்தார்கள். 2014இல் அது ஏறக்குறைய 43 சதவீதமாக இறங்கியிருந்தது. அதே காலத்தில் விளையாடும் பெண்களின் தொகையோ பல மடங்கு கூடியிருந்தது.

என்ன நடந்தது? சட்டத்தோடு பணம் வந்தது. பணத்தோடு சம்பளமும் மதிப்பும் வந்தன. முன்பு எட்டிப் பார்க்காத ஆண்கள் அந்த வேலைக்கு விண்ணப்பித்தார்கள். தெரிவு செய்யும் கதிரைகளில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஆண்களே. இன்று மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் டக்கர் மையத்தில் நிக்கோல் லவோய் என்ற ஆய்வாளர், பெண் பயிற்றுநர்கள் எத்தனை பேர் என்று பார்த்துப் பல்கலைக்கழகங்களுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போட்டு வெளியிடுகிறார். பெயர் கெடும் என்ற பயமாவது வேலை செய்யட்டும் என்பது யோசனை. எங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. விளையாடும் பெண்கள் பெருகினால் பயிற்றுவிக்கும் பெண்களும் தானாகப் பெருகுவார்கள் என்று நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

இனி நோர்வே. இங்கே பெண்கள் உதைபந்தாட்டத்தை நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனம் ஏற்றுக்கொண்டது 1976இல்தான். பத்து ஆண்டு கழித்து, 1986இல், மெக்சிக்கோவில் கூடிய ஃபீஃபா மாநாட்டில் எல்லன் வில்லே என்ற நோர்வேப் பெண் மேடையேறினார். பெண்களுக்கும் ஓர் உலகக் கிண்ணம் வேண்டும் என்று ஆண்கள் நிறைந்த அந்தச் சபையில் கேட்டார். அங்கே பேசிய முதற் பெண் அவர். 1991இல் முதல் உலகக் கிண்ணம் நடந்தது. 1995இல் அதை நோர்வே வென்றது. அதற்கு முன்பே, 1987இல், இதே ஒஸ்லோவின் உல்லெவோல் மைதானத்தில் சுவீடனை வென்று ஐரோப்பியக் கிண்ணத்தையும் எடுத்திருந்தார்கள். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம்.

நிர்வாகத்தில் நோர்வே செய்தது இன்னும் துணிச்சலானது. 1990இல் நோர்வே விளையாட்டுச் சம்மேளனம், நிர்வாகக் குழுக்களில் ஆண், பெண் இருபாலாரும் இருக்கவேண்டும் என்று தன் யாப்பிலேயே எழுதி வைத்தது. பெரிய சம்மேளனம் முதல் ஊர்க் கழகம் வரை அதற்குக் கட்டுப்பட வேண்டும். ‘தகுதியான பெண்கள் எங்கே இருக்கிறார்கள்?’ என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. தேடத் தொடங்கியதும் கிடைத்தார்கள். 1999இல் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் செயலாளர் நாயகமாகக் காரன் எஸ்பெலுண்ட் வந்தார். 2019இல் விளையாட்டுச் சம்மேளனத்தின் முதற் பெண் தலைவராக பேரித் ஷோல் வந்தார். 2022இல் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு லீசே கிளாவெனெஸ் தலைவரானார். தேசிய அணிக்கு விளையாடியவர், சட்டத்தரணி. பதவியேற்ற அதே மாதம் கட்டாரில் நடந்த ஃபீஃபா மாநாட்டில், உலகக் கிண்ணத்துக்காக உழைத்த குடியேற்றத் தொழிலாளர்களின் உரிமையைப் பற்றி முகத்துக்கு நேரே பேசினார். 2023இல் விளையாட்டுச் சம்மேளனத்தின் தலைமைக்கு ஈராக் வேர்களையுடைய, ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியிலிருந்து வந்த ஸைனப் அல்-சமராய் தெரிவானார்.

பயிற்றுநர் வாங்குக்கு அப்படி ஒரு விதி இல்லை. விதி போட்ட இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள், போடாத இடம் பழையபடியே கிடக்கிறது. பெண்கள் தேசிய உதைபந்தாட்ட அணிக்கு 2009இல் ஏலி லான்ட்செம், 2022இல் ஹேகே ரீசே, 2024இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெம்மா கிரேஞ்சர் என்று பெண்கள் பொறுப்பேற்றதுண்டு. உலகக் கிண்ணத்தை வென்ற 1995இலும் ஒலிம்பிக்கில் வென்ற 2000இலும் அந்த வாங்கில் இருந்தவர்கள் ஆண்கள். உலக அளவிலும் இதே கதைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். பயிற்றுநர்களிலோ நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான் பெண்கள்.

‘பயிற்றுநர் ஆணா பெண்ணா என்பதில் என்ன இருக்கிறது, வேலை தெரிந்தால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, பயிற்றுநரின் வேலை எவ்வளவு பெரியது என்று முதலில் பார்க்கவேண்டும்.

முழங்காலில் தொடங்குகிறேன். ஹாண்ட்போல் விளையாடும் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் எது என்று விளக்கத் தேவையில்லை. ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது அறுகிற நார் அது. அறுந்தால் சத்திரசிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு, பின்னாளில் மூட்டுத் தேய்வு. ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அறும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். சொங்ஸ்வானில் உள்ள ஒஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையம் இதைக் கையில் எடுத்தது. இயன்மருத்துவர் கிரேத்த மிக்லெபுஸ்ட்டும் குழுவினரும் பெண்கள் ஹாண்ட்போல் அணிகளை மூன்று பருவகாலம் பின்தொடர்ந்தார்கள். எதுவும் மாற்றாத முதற் பருவத்தில் 29 பேருக்கு அந்த நார் அறுந்தது. சமநிலைப் பயிற்சிகள் தொடங்கிய அடுத்த பருவத்தில் 23, அதற்கடுத்ததில் 17.

இடையில் நடந்ததைக் கவனியுங்கள். பயிற்சி தொடங்கிய முதல் ஆண்டு அந்த முறையைப் பயிற்றுநர்களின் கையில் கொடுத்துவிட்டார்கள். பல அணிகள் ஒழுங்காகச் செய்யவில்லை. அடுத்த ஆண்டு அணிகளோடு இயன்மருத்துவர்களை அனுப்பியபோதுதான் பயிற்சி சீராக நடந்தது. ஆய்வு முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனதும் காயங்கள் மறுபடி கூடின. பயிற்றுநர்களைத் தேடிப்போய்க் கற்பித்த பிறகு மீண்டும் குறைந்தன. பத்து ஆண்டுப் பட்டறிவை மிக்லெபுஸ்ட் 2013இல் எழுதியபோது அழுத்திச் சொன்னது, பயிற்றுநரைச் சேர்த்துக்கொள்ளாமல் எந்த முழங்காலையும் காப்பாற்ற முடியாது என்பதைத்தான்.

பதின்ம வயதினரிடமும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த ஆய்வில் 120 கழகங்கள், 1,837 ஹாண்ட்போல் பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள். பதினைந்து இருபது நிமிடம் முறையாக உடலைச் சூடேற்றிய அணிகளில் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகின. 2008இல் 13 முதல் 17 வயது வரையான 1,892 உதைபந்தாட்டச் சிறுமிகளிடம் செய்த ஆய்வில் கடுமையான காயங்கள் பெருமளவு குறைந்தன. இன்று உலகம் முழுக்க ஆட்டத்துக்கு முன் செய்யப்படும் ‘லெவன் பிளஸ்’ பயிற்சி அந்த ஆய்வில் சோதித்ததுதான். செலவு என்று ஒன்றும் இல்லை. பயிற்றுநர் மனம் வைத்தால் போதும்.

அடுத்தது சாப்பாடு. எங்கள் வீடுகளில் அதிகம் பேசாத விடயம். ‘பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் இல்லை’ என்று அம்மா கவலைப்படுவாள், அதோடு முடிந்துவிடும். பேராசிரியர் யோருன் சுண்ட்கோட்-போர்கனும் மொனிக்கா தோஷ்ட்வைட்டும் நோர்வேயின் உயர்மட்ட வீரர், வீராங்கனைகள் எல்லோரையும் உள்ளடக்கிச் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. வீராங்கனைகளில் ஐந்தில் ஒருவருக்கு உணவுக் கோளாறு இருந்தது. விளையாடாத பெண்களில் அது 9 சதவீதம். ஜிம்னாஸ்டிக் போன்று உடல்வடிவமும் புள்ளி பெறுகிற விளையாட்டுகளில் 42 சதவீதம். எடை பார்க்கும் தராசு, ‘கொஞ்சம் மெலிந்தால் இன்னும் வேகமாக ஓடுவாய்’ என்ற ஒரு சொல், இவை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் உள்ளே என்ன செய்யும் என்பதை அந்த எண்கள் சொல்கின்றன.

பிறகு அவர்கள் செய்தது மிக முக்கியமானது. விளையாட்டு உயர்நிலைப் பள்ளிகள் பதினாறை எடுத்து, சிலவற்றில் மட்டும் ஓராண்டு பிள்ளைகளோடு பயிற்றுநர்களுக்கும் உணவு, உடல், தன்மதிப்பு பற்றிக் கற்பித்தார்கள். மரியான மார்ட்டின்சன் முன்னின்று செய்த இந்த ஆய்வு 2014இல் வெளியானது. கற்பித்த பள்ளிகளின் பெண் பிள்ளைகளில் ஒருவர்கூடப் புதிதாக உணவுக் கோளாறுக்கு ஆளாகவில்லை. கற்பிக்காத பள்ளிகளில் 13 சதவீதம் பேர் ஆளானார்கள். தடுக்க முடியாத நோய் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை ஒரே ஆண்டில் பள்ளிக்கூடத்திலேயே தடுத்துக் காட்டினார்கள்.

மாதவிடாயும் இதே வகைதான். 2020இல் வெளிவந்த நோர்வே ஆய்வு ஒன்றில் பனிச்சறுக்கு, பயத்லொன் வீராங்கனைகள் 140 பேரைக் கேட்டார்கள். அதைப் பற்றிப் பயிற்றுநரோடு பேசுகிறோம் என்றவர்கள் 27 சதவீதம்தான். பயிற்சிக்கும் மாதவிடாய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் போதிய அறிவு இருக்கிறது என்றவர்கள் 8 சதவீதம். பனிச்சறுக்கில் உலகை ஆளும் நாட்டின் நிலை இது!

மூன்றாவது, பாதுகாப்பு. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்லவேண்டும். பேராசிரியர் காரி பாஸ்டிங் இரண்டாயிரமாம் ஆண்டளவில், சுண்ட்கோட்-போர்கனோடும் பிரித்தானிய ஆய்வாளர் சீலியா பிராக்கன்ரிட்ஜோடும் சேர்ந்து 572 உயர்மட்ட வீராங்கனைகளிடம் பாலியல் தொந்தரவு பற்றிக் கேட்டார். வாழ்க்கையில் எங்கேனும் ஒரு வகையில் அதை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் பாதிக்கு மேல். பெண்களுக்குச் சமவுரிமை கொடுப்பதில் முன்னிற்கும் நாடு என்று பெயர் பெற்ற நோர்வே திடுக்கிட்டது. அதே தரவுகளைக் கொண்டு இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: எந்த விளையாட்டில் இது அதிகம்? உடையின் அளவுக்கும் தொந்தரவுக்கும் தொடர்பு தெரியவில்லை. நீச்சல் உடையில் போட்டியிட்டவளுக்கும் உடலை முழுதாக மூடும் உடை அணிந்தவளுக்கும் அனுபவம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்களின் விளையாட்டு என்று கருதப்பட்டவற்றுக்குள் நுழைந்த பெண்களே சற்றுக் கூடுதலாகச் சொன்னார்கள். மகள் என்ன உடுத்து விளையாடுகிறாள் என்று கவலைப்படுகிற பெற்றோர் அந்தக் கவலையை இடம் மாற்றிக்கொள்ளவேண்டும். அவளுக்கு யார் பொறுப்பு, குறை இருந்தால் அவள் யாரிடம் போவாள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

இப்போது பழைய கேள்விக்கு வருகிறேன். ஆண் பயிற்றுநர் நல்லவராக இருக்க முடியாதா? தாராளமாக முடியும். ஆனால் பிள்ளைகளே என்ன சொல்கிறார்கள் என்றும் பார்ப்போம். பாஸ்டிங்கும் ஜேர்மனியின் கெர்ட்ரூட் பிஸ்டரும் நோர்வே, சுவீடன், ஜேர்மனி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் உயர்மட்ட உதைபந்தாட்ட வீராங்கனைகள் 38 பேரோடு உரையாடி 2000இல் எழுதினார்கள். பெண்ணிடம் பயிற்சி பெற்ற அனுபவம் உள்ளவர்கள் கூடுதல் மனநிறைவோடு பேசினார்கள். அவர்கள் விளக்குகிறார்கள், காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்றார்கள். சில ஆண் பயிற்றுநர்கள் எங்கள் ஆட்டத்தை ஓர் ஆட்டமாகவே மதிப்பதில்லை என்ற குறையும் வந்தது.

நோர்வேயில் இதற்குப் பெரிய சாட்சி மாரித் பிரைவிக். 1994 முதல் 2009 வரை பெண்கள் ஹாண்ட்போல் அணியை வழிநடத்தியவர். நான்கு ஐரோப்பியக் கிண்ணம், 1999இல் உலகக் கிண்ணம், 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம். அவருடைய முறை என்ன? முடிவுகளில் வீராங்கனைகளைப் பங்குகொள்ளச் செய்தார், அணியின் பொறுப்பை அவர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார். அவருக்குப் பிறகு வந்த தூரிர் ஹெர்கைர்சன் ஓர் ஆண், ஐஸ்லாந்துக்காரர். 2012இலும் 2024இலும் ஒலிம்பிக் தங்கம் எடுத்துக் கொடுத்தார். அவர் எங்கே பழகினார்? பல ஆண்டுகள் பிரைவிக்கின் உதவிப் பயிற்றுநராக. ஒரு பெண் தலைமை தாங்கினால் அவளிடம் கற்கும் ஆண்களும் சிறப்பார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி எங்கள் வீட்டுக்குள் வருவோம். ஒஸ்லோ இளையோரிடம் நடத்திய கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்ப ஒன்றைக் காட்டியிருக்கின்றன. குடியேறிய குடும்பங்களின் ஆண் பிள்ளைகள் மற்ற ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறையச் சமமாகக் கழகங்களில் விளையாடுகிறார்கள். பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. ஆய்வாளர்கள் ஓசே ஸ்த்ரான்புவும் கிறிஸ்டின் வால்செத்தும் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி எழுதியிருக்கிறார்கள். ‘பெற்றோர் தடுக்கிறார்கள்’ என்ற ஒற்றை வரியில் அடங்கும் காரணம் அல்ல அது என்பது அவர்கள் எழுதியதைப் படிக்கும்போது விளங்கும்.

எங்கள் சமூகத்தைப் பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். பத்து வயது வரை மகளை நீச்சலுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் நாங்களே காரில் கொண்டுபோய் விடுகிறோம். பதின்மூன்று, பதினான்கு ஆனதும் வார இறுதியில் தமிழ்ப் பள்ளி, பரதம், வீணை, அரங்கேற்றம், சோதனை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. எதையாவது விடவேண்டும் என்றால் முதலில் போவது விளையாட்டு. மகனுக்கு மட்டும் விளையாட்டும் படிப்பும் ஒன்றாகப் போகலாம் என்று எப்படியோ முடிவு செய்து வைத்திருக்கிறோம். கழகத்தில் டுக்னாட் என்று கூட்டு உழைப்புக்கு அழைத்தால் கேக் செய்து கொடுக்கிறோம், கஃபே மேசையில் நிற்கிறோம். விசிலை மட்டும் யாரும் கையில் எடுப்பதில்லை. அதுவும் தாய்மார் எடுப்பது மிக அரிது.

எங்கள் பெண்களுக்கு ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. போர் தின்ற மண்ணிலிருந்து, தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலிருந்து வந்து கோலூன்றிப் பாய்தலில் இலங்கையின் தேசிய சாதனையை வைத்தவர் அனித்தா ஜெகதீஸ்வரன். வலைப்பந்தில் இலங்கைக்கு 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் கிடைத்தபோது அணியின் தூணாக நின்றவர் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம். தமிழ்நாட்டின் சாந்தி சௌந்தரராஜன் 2006 டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வெள்ளி எடுத்தார். பாலினச் சோதனையின் பெயரால் அது பறிக்கப்பட்டது. உலகமே பார்க்க அவமானப்பட்ட அந்தப் பெண், பின்னாளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராகப் பிள்ளைகளை ஓடவைத்தார். அவரைப் போல் பட்டறிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய துணை! இந்த நகரத்திலேயே, மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015இல் துணை மேயரானார். நகரசபையில் உட்கார முடிந்த எங்கள் பெண்களுக்கு ஊர்க் கழகத்தின் பயிற்றுநர் வாங்கு எட்டாத உயரம் அல்ல.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

பெற்றோருக்கு முதலாவது. பருவம் தொடங்கும் கூட்டத்தில் வாயைத் திறந்து கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஒவ்வொருவரும் பொலிஸ் நற்சான்று காட்டவேண்டும் என்ற விதி இங்கே 2009 முதல் இருக்கிறது, பார்த்தீர்களா என்று கேளுங்கள். காயத் தடுப்புப் பயிற்சி ஒவ்வொரு முறையும் நடக்கிறதா, யாராவது எடை பார்க்கிறார்களா, பிள்ளைக்குக் குறை இருந்தால் பேச ஒரு பெண் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்கிற பெற்றோர் இருக்கும் கழகம் கவனமாக இருக்கும்.

தாய்மாருக்கும், விளையாடி நிறுத்திய அக்காமாருக்கும் இரண்டாவது. சம்மேளனங்கள் நடத்தும் முதற்படிப் பயிற்றுநர் வகுப்பில் சேருங்கள். கட்டணத்தைக் கழகம் ஏற்குமா என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். நோர்வே மொழியில் உச்சரிப்புப் பிழைத்தால் ஏழு வயதுப் பிள்ளைகள் திருத்தித் தருவார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கைமாரே, உங்களில் ஒருவராவது சொங்ஸ்வான் உயர்கல்லூரியில் சேர்ந்து இந்த ஆய்வுகளைத் தொடருங்கள். தமிழ்ப் பெண் பிள்ளைகளைப் பற்றித் தமிழ்ப் பெண்ணே ஆராய்ந்து எழுதட்டும்.

எங்கள் தமிழ்ப் பள்ளிகளுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் மூன்றாவது. ஆண்டு தோறும் விளையாட்டு விழா நடத்துகிறீர்கள், கிண்ணம் கொடுக்கிறீர்கள், பொன்னாடை போர்த்துகிறீர்கள். நோர்வே 1990இல் நிர்வாகக் குழுவுக்குப் போட்ட விதியை நீங்கள் பயிற்றுநர்களுக்கும் போடுங்கள். பெண் பிள்ளைகளின் அணி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு பெண் பயிற்றுநர் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுங்கள். இந்த நாட்டின் சம்மேளனம் செய்யத் தயங்குவதை நாங்கள் செய்து காட்டுவோம்.